வெள்ளெலியின் வீட்டுச் சாமான் கடை

குளக்கரை மேட்டில் அமலி என்ற வெள்ளெலி வளை தோண்டி வாழ்ந்து வந்தது. அதற்கு மூன்று குட்டிகள். மூத்தது பிலோ, சரியான வாயாடி. மற்ற இரண்டும் இன்னும் கண் திறக்காதவை. குட்டிகளின் அப்பனைப் போன மாதம்தான் பருந்து தூக்கிப் போயிருந்தது.

அமலிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரே ஒரு கனவு. இந்த மேட்டில் ஒரு வீட்டுச் சாமான் கடை வைக்க வேண்டும். கதவு, மெத்தை, துடைப்பம், தண்ணீர்க் குடம் என்று வளைக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்க வேண்டும்!

அந்தக் கனவு சும்மா வரவில்லை. அமலி குட்டியாக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் குளத்துத் தண்ணீர் மேடேறி வந்தது. அவர்கள் வளைக்குக் கதவு கிடையாது. தாய் அமலியை வாயில் கவ்விக்கொண்டு வெளியே ஓடியது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது மற்ற நான்கு குட்டிகளும் சேற்றோடு சேறாகக் கிடந்தன.

"ஒரு கதவு இருந்திருந்தா!" என்று தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது.

அமலி அதை மறக்கவில்லை. பல் முளைத்த நாளிலிருந்து பனையோலை பின்னப் பழகியது. ஓலையை நெருக்கிப் பின்னி, இரண்டு பக்கமும் களிமண் பூசிக் காயவைத்தால் கதவு ரெடி. மழையும் நுழையாது, பல்லும் நுழையாது. உள்ளே ஒரு கருவேல முள்ளைக் குறுக்கே போட்டுவிட்டால் யாராலும் வெளியிலிருந்து திறக்க முடியாது.

கடைசியில் அந்த நாளும் வந்தது. மருத மரத்தடிப் பொந்து ஒன்று காலியானது. அமலி அதைப் பெருக்கித் துடைத்துக் கடை திறந்தது. ஒரு பக்கம் எருக்கம்பஞ்சு மெத்தைகள். இன்னொரு பக்கம் நத்தை ஓட்டுக் குடங்கள். வாசலில் நாணல் பூத் துடைப்பங்கள். மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து வாயைப் பிளந்தார்கள்.

"அமலி, நிஜமாவே கடை வெச்சுட்டியே!" என்றது நண்டு சூசை.

"உள்ள வாங்கண்ணே! எட்டுக் காலையும் நல்லாத் துடைச்சுட்டு வாங்க!" என்றது அமலி. எல்லோரும் சிரித்தார்கள்.

பிலோவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. வாசலில் நின்று, "வாங்க, வாங்க! என்ன வேணும்? அளவு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்க வேண்டும். "கடைக்கு வந்தவங்க யாரா இருந்தாலும் சிரிச்ச முகத்தோட உள்ள கூப்பிடணும். வெளியில நிக்க வைக்கக் கூடாது!" என்று அமலி தினமும் சொல்லிக் கொடுத்தது. பிலோ அதைப் பாட்டாகவே பாடியது.

கதவு வாங்குவதற்கு அமலி ஒரு முறை வைத்திருந்தது. வேண்டியவர்கள் தங்கள் வளையின் வாயை ஒரு பனை ஈர்க்கால் அளந்து, அந்த நீளத்துக்கு ஒடித்துக் கொண்டுவர வேண்டும். வளை இருக்கும் இடம் தெரிய, பக்கத்தில் நிற்கும் செடியின் இலை ஒன்றை அமலி அதில் கட்டும். எத்தனை மெத்தை வேண்டும் என்று தெரிய, குட்டிக்கு ஒன்றாக முள் குத்தும். பிறகு அந்த ஈர்க்கைச் சுவரில் மாட்டும். கதவு முடிந்த பிறகுதான் கழற்றும்.

ஒரு கதவு பின்ன நான்கு நாள் ஆகும். கேட்டவர்களோ நிறையப் பேர். சுவர் முழுக்க ஈர்க்குகள் தொங்கின. அவற்றைப் பார்க்கப் பார்க்க அமலிக்குப் பெருமையாக இருந்தது. இனி யாரும் சேற்றில் கிடக்க மாட்டார்கள்!

ஒரு நாள் உச்சிவெயிலில் புல் சரசரத்தது. கடையில் நின்றிருந்த தேரை, என்னவென்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரே தாவலில் குளத்தில் விழுந்தது. அமலி நிமிர்ந்து பார்த்தது. வாசலில் சாரைப்பாம்பு!

அமலி மெத்தைகளுக்குப் பின்னால் பதுங்கியது. ஆனால் பிலோ ஓடிப் போய், "வாங்க மாமா, வாங்க! என்ன வேணும்? அளவு கொண்டு வந்தீங்களா?" என்றது.

சாரை சிரித்தது. "பயப்படாதீங்க அமலியம்மா. நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். ஒரு மெத்தை வேணும். என்னையும் ஒரு வாடிக்கைக்காரனா நெனைச்சுக்கக் கூடாதா?"

"அளவு எடுக்கணுமே!" என்று பிலோ ஓர் ஈர்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. அமலி குட்டியின் வாலைப் பிடித்து உள்ளே இழுத்தது.

"இருக்கட்டும் பாப்பா, இன்னொரு நாள் எடுத்துக்கோ" என்ற சாரை மெல்லத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தது. "அடேயப்பா! இத்தனை பேரா! இந்த மேட்டிலேயே பெரிய கடை உங்க கடைதான். அதென்ன குச்சி?"

பயத்தில் இருந்தாலும், கடையைப் புகழ்ந்ததும் அமலியின் வாய் தானாகத் திறந்தது. "அது அளவு ஈர்க்குங்க ஐயா. கதவு கேட்டவங்களோடது."

"இலை?"

"அது வளை இருக்கற இடங்க."

"முள்?"

"குட்டிக்கு ஒண்ணுங்க. மெத்தை கணக்குக்கு."

"கெட்டிக்காரி!" என்றது சாரை. ஒரு மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. போகும்போது துடைப்பத்தைக்கூடச் சாய்க்கவில்லை. அவ்வளவு மரியாதை!

நான்கு நாள் கழித்துச் சாரை மறுபடியும் வந்தது. "இன்னொரு மெத்தை குடுங்க" என்றது. பிறகு சுவரைப் பார்த்து, "அந்த ஆவாரம் இலை கட்டின குச்சியைக் கழட்டிடுங்க அமலியம்மா. அஞ்சு முள் இருக்கே, அதுதான். இனிமே அந்தக் கதவுக்கு வேலையில்லை" என்றது.

சாரை போன பிறகுதான் ஆவாரம் செடிப் பக்கமிருந்து சுண்டெலியின் அலறல் கேட்டது. இரை தேடப் போய்த் திரும்பிய சுண்டெலியின் வளையில் ஐந்து குட்டிகளில் ஒன்றுகூட இல்லை.

அமலி சுவரைப் பார்த்தது. ஒவ்வோர் ஈர்க்காகப் பார்த்தது. எல்லாமே இன்னும் கதவு போடாத வளைகள்! எந்த இடம், எத்தனை குட்டி என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது!



அன்று மாலை நண்டு சூசை கடைக்கு வந்தது. "ஏம்மா, சுண்டெலிக்குக் கதவு வரலைன்னு சாரைக்கு எப்படித் தெரிஞ்சுது? உன் கடைப் பக்கம் யாராவது வந்தாங்களா?"

இந்தக் கடைக்குப் பாம்பு வந்துபோகிறது என்று தெரிந்தால் நாளைக்கு யார் படியேறுவார்கள்? பல் முளைத்த நாளிலிருந்து கண்ட கனவு ஒரே நாளில் மண்ணாகிவிடுமே! மூன்று குட்டிகளின் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

"யாரும் வரலையேண்ணே" என்றது அமலி.

"அந்தக் குச்சியெல்லாம் கழட்டி உள்ள வையேன். எதுக்கு ஊருக்கே காட்டிக்கிட்டு?"

"சுவர் மொட்டையா இருந்தா கடை ஓடலைன்னு நெனைப்பாங்கண்ணே. இன்னும் ரெண்டே வாரம். எல்லாருக்கும் கதவு முடிச்சுடுவேன்!"

அப்படித்தான் அமலி தனக்கும் சொல்லிக்கொண்டது. வேகமாகப் பின்னினால் போதும். ஓலை பிடித்துப் பிடித்து முன்பற்களில் ரத்தம் வந்தது. ஆனால் அது முதலில் பின்னி முடித்த கதவு யாருடையது தெரியுமா? அதனுடையதுதான். இரண்டு மடிப்பு ஓலை, மூன்று பூச்சுக் களிமண். "நான் வர்ற வரைக்கும் திறக்கவே கூடாது" என்று பிலோவிடம் சொல்லி, கருவேல முள்ளை எப்படிக் குறுக்கே போடுவது என்று பத்துத் தடவை காட்டிக் கொடுத்தது. அன்றிலிருந்து பிலோவைக் கடைக்கும் கூட்டிப் போகவில்லை.

மூன்றாவது முறை சாரை கடைக்குள் வரவில்லை. வெளியில் நின்று சுவரைப் பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் மீன்கொத்தியின் கரைப்பொந்தில் மூன்று குஞ்சுகளைக் காணோம். நாணல் இலை கட்டி, மூன்று முள் குத்திய ஈர்க்கு இன்னும் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. அமலி அதைக் கழற்றித் துடைப்பத்துக்கு அடியில் ஒளித்தது.

வேடிக்கை என்னவென்றால், மேட்டில் பயம் ஏற ஏறக் கடையில் கூட்டமும் ஏறியது. "எனக்குக் கதவு! எனக்குக் கதவு!" என்று எல்லோரும் ஈர்க்கோடு ஓடி வந்தார்கள். சுவரில் இடம் போதவில்லை. அமலி கனவில் கண்டதும் இப்படிப்பட்ட கடையைத்தான்.

ஒரு நாள் பகலில் ஓலை தீர்ந்துபோனது. அமலி குட்டையான வடலிப் பனைக்குப் போய் இரண்டு ஓலை கடித்து இழுத்துக்கொண்டு வந்தது. வழியில் தன் வளையை எட்டிப் பார்த்தது.

கதவு திறந்திருந்தது.

ஓலையில் ஒரு கீறல் இல்லை. களிமண்ணில் ஒரு விரிசல் இல்லை. கருவேல முள் உடையவும் இல்லை. யாரோ அதை உள்ளிருந்து எடுத்து, சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"பிலோ!" என்று அமலி கூப்பிட்டது. "பிலோ! விளையாடாதடி! வெளியில வா!"

பஞ்சு மெத்தையில் சின்னதாக இரண்டு பள்ளம். அவ்வளவுதான். வாசலில் ஓர் ஈர்க்கு கிடந்தது. அமலி அதை எடுத்துப் பார்த்தது. புதிதாக ஒடித்த ஈர்க்கு. வளையின் அளவு இல்லை, அதைவிடச் சின்னது. ஒரு சாரைப்பாம்பின் உடம்பு எவ்வளவு அகலமோ, சரியாக அவ்வளவு. ஒடித்த இடத்தில் குட்டிப் பல்லின் தடம் இருந்தது. முள் இன்னும் குத்தவில்லை.

வந்தவரை வெளியில் நிறுத்தக் கூடாது என்று பிலோவுக்குத் தெரியும். வாடிக்கைக்காரருக்கு அளவு எடுக்க வேண்டும் என்றும் தெரியும். சொல்லிக் கொடுத்தது அமலிதானே!

அமலி அழவில்லை. அந்த ஈர்க்கைக் கவ்விக்கொண்டு மருத மரத்தடிக்குப் போனது. சுவரில் இருந்த அத்தனை ஈர்க்குகளையும் பிடுங்கிக் கீழே போட்டது. மேட்டில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டது. சாரை வந்தது, இலையையும் முள்ளையும் பற்றிக் கேட்டது, தான் சொன்னது, பிறகு மறைத்தது, எதையும் விடாமல் சொன்னது.

மீன்கொத்தி முன்னால் வந்தது. "சுண்டெலி குட்டிங்க போனப்பவே உனக்குத் தெரியும். அப்போ என் குஞ்சுங்க மூணும் உயிரோட இருந்துச்சு. ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அமலி தலை குனிந்தபடி, "இன்னும் ஒரு கதவு பின்னணும். அதை மட்டும் பின்ன விடுங்க" என்றது.

"யாருக்கு?" என்றது நண்டு சூசை.

அமலி பிலோவின் ஈர்க்கைக் காட்டியது.

வயிறு நிறைந்த சாரை, தாழைப் புதருக்கடியில் தன் பொந்தில் நாள்கணக்கில் தூங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொந்தின் வாயை அளக்க யாருக்கும் துணிவில்லை. இனி அளக்கவும் வேண்டாம். சாரையின் உடம்பு நுழையும் அளவுக்கு மேல் ஒரு நூல்கூட அந்தப் பொந்தில் இடமில்லை; பிலோ எடுத்த அளவே போதும். அமலி நான்கு நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்தது. நான்கு மடிப்பு ஓலை. உள்ளே பனை மட்டை. முள்ளெலி களிமண் குழைத்தது. தேரை தண்ணீர் சுமந்தது. சுண்டெலி ஓலையின் மறுமுனையைப் பிடித்தது.

நடுப்பகலில் கதவைப் பொந்தின் வாயில் வைத்து அழுத்தினார்கள். அது சிக்கென்று உட்கார்ந்தது. நண்டுகள் சுற்றிலும் சேறு அப்பின. மேலே கல் புரட்டி வைத்தார்கள். சித்திரை வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது.

மூன்றாம் நாள் உள்ளே உருளும் சத்தம் கேட்டது. பிறகு குரல். "அமலியம்மா! திறங்க! நான் உங்க வாடிக்கைக்காரன் இல்லையா?"

அமலி கதவின் மேல் காதை வைத்தது. "வாங்க வாங்கன்னு சொல்ற குட்டி இப்போ வீட்டுல இல்லீங்க ஐயா" என்றது.

அதற்குப் பிறகு ஏழெட்டு நாள் சத்தம் இருந்தது. பிறகு நின்றது.

மேட்டில் எல்லா வளைக்கும் அமலி கதவு பின்னிப் போட்டது. யாரும் கடைக்கு வரவில்லை. அதுவே ஒவ்வொரு வாசலுக்கும் போய் அளவை மனதில் வைத்துக்கொண்டு திரும்பியது. கதவை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் மீன்கொத்தி மட்டும் கடைசிவரை அமலியின் முகத்தைப் பார்க்கவில்லை. மருத மரத்தடிச் சுவரில் இன்றைக்கும் ஒரே ஓர் ஈர்க்குத்தான் தொங்குகிறது. அதில் இலையும் இல்லை, முள்ளும் இல்லை.

தன் பிழைப்பு கெட்டுவிடுமே என்று அடுத்த வீட்டுக்கு வரும் ஆபத்தை மறைப்பவரின் வீட்டுக்கு, அதே ஆபத்து வழி கேட்காமலே வந்து சேரும்.