காகம் கொண்டுவந்த முதல் அப்பம்

காகம் பாறைமேல் அப்பத்தைப் போட்டது. கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தது. பிறகு தன் வழியே பறந்துபோனது.

தீர்க்கதரிசி செரகியா அப்பத்தை எடுத்து, ஒட்டியிருந்த மணலை ஊதித் தள்ளினார். வானத்தைப் பார்த்து நன்றி சொன்னார். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு வாற்கோதுமை அப்பத்துக்கு, கல்யாண விருந்துக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக, நீளமாகச் சொன்னார். பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டு மறுபாதியைச் சீடனிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் ஐயா," என்றான் மல்கியா.

"நேற்றும் வேண்டாம் என்றாய்."

"இன்றைக்கும் அதே காகம்தானே ஐயா வந்திருக்கிறது."

செரகியா வற்புறுத்தவில்லை. பாதி அப்பத்தை ஒரு சுத்தமான கல்மேல் வைத்தார். அது சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும். அதன்பிறகு அதையும் எடுத்து, அதற்கும் தனியாக ஒரு நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடுவார். வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது.

இஸ்ரவேலில் மழை நின்றுபோன காலம் அது. பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குக் கோயில் கட்டி, அவன்தான் மழை கொடுக்கிறவன் என்று ராஜா ஜனங்களை நம்பவைத்திருந்தான். "கர்த்தர் சொல்லாமல் ஒரு துளி விழாது," என்று ராஜாவின் முகத்துக்கு நேரே போய்ச் சொன்னவர் செரகியா. அன்றிலிருந்து ராஜாவின் ஆட்கள் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மலையிடுக்கும், நூல் மாதிரி கசிகிற இந்த ஊற்றும்.

செரகியா ஆடு மேய்த்த குடும்பம். மல்கியா, கர்த்தருக்குப் பலி செலுத்துகிற ஆசாரியர் வீட்டுப் பிள்ளை. இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, தாடி இரண்டு பேருக்குமே நரைக்கத் தொடங்கியிருந்தது. கர்த்தரின் சட்டப்படி எது சுத்தம், எது அசுத்தம் என்பதை மல்கியா நடக்கப் பழகும்போதே பழகியவன். காகம் அசுத்தமான பறவை. அதிலும் நாடு முழுக்க ஆடுமாடு செத்துக் கிடக்கும்போது அது எதைக் கொத்திய அலகோடு வருகிறதோ, யாருக்குத் தெரியும்? அடம் பிடிக்கிற பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொள்ளுமே, அப்படி அவன் மூடிக்கொண்டான்.

வெட்டுக்கிளி சுத்தம். அதைப் பிடித்துச் சுட்டுத் தின்றான். பச்சை இல்லாத மலையில் வெட்டுக்கிளிக்கு என்ன வேலை? நாளாக ஆக அதுவும் கிடைக்கவில்லை. கசப்பு வேர்களைத் தோண்டி மென்றான். ஒருநாள் ஒரு புறா வந்து ஊற்றோரம் உட்கார்ந்தது.

"ஐயா, புறா," என்றான் ஆவலோடு. "சுத்தமான பறவை."

"ஆமாம்."

"ஏதாவது கொண்டுவந்திருக்கிறதா?"

"தண்ணீர் குடிக்க வந்திருக்கிறது," என்றார் செரகியா.

அன்றைக்கு ஊற்றில் முகம் கழுவக் குனிந்த மல்கியா அப்படியே சரிந்து விழுந்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. செரகியா தண்ணீரைத் தெளித்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மல்கியா, இப்படியே போனால் நீ பிழைக்க மாட்டாய்."

"தெரியும் ஐயா."

"அப்புறம்?"

"தொண்டைக்குள் இறங்கமாட்டேன் என்கிறது. அந்த அப்பம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். நல்ல இடமாக இருந்தால் நானே போய் வாங்கி வருகிறேன். நடுவில் காகம் எதற்கு?"

செரகியா கொஞ்சம் யோசித்தார். "சரி. முகத்தை மூடிக்கொண்டு போ. ராஜாவின் ஆட்கள் கண்ணில் படாதே."

மறுநாள் விடியும் முன்பே மல்கியா, காகம் வருகிற மேற்குத் திசை பார்த்து மலை ஏறினான். நாலு எட்டு நடப்பதும் உட்காருவதுமாக ஏறினான். மேற்குச் சரிவில் ஒரு சின்ன ஊர் இருந்தது. ஊர்க்கோடி வீட்டு முற்றத்தில் ஒரு பெண் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. முதல் அப்பத்தை எடுத்தாள். குழந்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அதன் கையை விலக்கிவிட்டு, அப்பத்தைக் கொண்டுபோய் மதில்மேல் வைத்தாள்.

காகம் வந்து உட்கார்ந்தது. மல்கியா சூ என்று கையை ஓங்கினான்.

"யாரய்யா அது? அதை விரட்டாதீர்கள்," என்றாள் அவள். "ஊரிலேயே என் சமையலைக் குறை சொல்லாத ஒரே ஆள் அதுதான்."

மல்கியா மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பிள்ளை கேட்கிறது. அப்பத்தைக் காகத்துக்கு வைக்கிறாயே அம்மா."

"காகத்துக்கு யார் வைத்தது? பிசைந்த மாவில் முதல் உருண்டை கர்த்தருக்கு. அதைச் சுட்டு ஆசாரியர் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் செய்கிறதில்லையா?"

"அப்படியானால் ஆசாரியரிடம் கொடுக்க வேண்டியதுதானே?"

"எந்த ஆசாரியரிடம்? எங்கள் ஊர் ஆசாரியர் ராஜா போடுகிற சாப்பாட்டுக்காகப் பாகாலுக்குத் தூபம் காட்டப் போய்விட்டார். அவர் போய்விட்டார் என்று நான் முதல் உருண்டையை எடுக்காமல் விட முடியுமா? மதில்மேல் வைப்பேன். 'ஆண்டவரே, நீரே யாரிடமாவது சேர்த்துவிடும்,' என்பேன். போய் என் வேலையைப் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, பஞ்ச காலத்தில் என் பெண்டாட்டி காகம் வளர்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்."

"அது இங்கேயே தின்றுவிடுமா?"

"இல்லையே, அதுதான் அதிசயம். கீழே சிந்தினதையெல்லாம் பொறுக்கும். இதை மட்டும் முழுசாகத் தூக்கிக்கொண்டு கிழக்கே போகும். குஞ்சுகளுக்காக்கும் என்று நினைத்துக்கொள்வேன். போகட்டும், அதுவும் பிள்ளைக்காரிதானே." அடுப்பில் சுள்ளியைத் தள்ளிவிட்டு அவள் நிமிர்ந்தாள். "இருந்தாலும் மனசுக்குள் ஒரு கேள்வி ஐயா. இது யாருக்காவது போய்ச் சேருமா?"

மல்கியா மதில்மேல் இருந்த அப்பத்தையே பார்த்தான். அவன் இத்தனை நாளும் தட்டிக் கழித்தது பிணம் கொத்துகிற காகத்தின் பங்கை அல்ல. பிறந்த நாளிலிருந்து சட்டம் அவனுக்கென்று ஒதுக்கிய பங்கை.

"சேர்கிறது அம்மா," என்றான். "நான் ஆசாரியர் வீட்டுப் பிள்ளை."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கிழிந்த அங்கியையும் துருத்திய விலா எலும்பையும் பார்த்தாள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, மதில்மேல் இருந்த அப்பத்தை எடுத்து அவன் இரண்டு கைகளிலும் வைத்தாள். கண்ணைத் துடைத்ததில் மாவு கன்னத்தில் அப்பிக்கொண்டது.

"என் பெயர் அக்சாள். கர்த்தரிடம் சொல்லும்போது பெயரைச் சொல்லுங்கள்," என்றாள். பிறகு காகத்தைப் பார்த்து, "போ, போ. உன் வேலையை அவரே செய்துகொள்கிறார்," என்றாள்.

மல்கியா துணியில் அப்பத்தைச் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். வழியில் இரண்டு தடவை துணியைப் பிரித்து மோந்து பார்த்தான். ஆனாலும் முதல் வாயைக் குருவின் முன்னால், நன்றி சொல்லித்தான் சாப்பிட வேண்டும் என்று வந்தான். கால் தரையில் பாவவில்லை.

அவன் இடுக்கில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. செரகியா பாறைமேல் உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது.

"இன்றைக்குக் காகம் வரவில்லை," என்றார். "வழியில் பார்த்தாயா?"

மல்கியா நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னான். "ஆசாரியரின் பங்கு ஐயா! எனக்குரியது. சுத்தத்திலும் சுத்தம். இதை ஆசாரியர் வீட்டாரைத் தவிர வேறு யாரும்…"

அவன் வாய் பாதியில் நின்றது.

"வேறு யாரும்?" என்றார் செரகியா.

"தொடக்கூடாது ஐயா."

செரகியா சிரித்துவிட்டார். "அடடா. இத்தனை நாளும் உன் சாப்பாட்டையா சாப்பிட்டேன்? நன்றாக இருந்தது மல்கியா. உனக்கும் அந்த அம்மாவுக்கும் என் நன்றி."

மல்கியாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. துணியைப் பிரித்தான். மூடினான்.

"ஐயா, உங்களுக்கு இதைக் கொடுத்தால்…"

"சட்டம் என்ன சொல்கிறது?"

"கூடாது என்கிறது."

"அப்படியென்றால் எனக்குக் கொடுக்காதே. நீ சாப்பிடு. நிற்கக்கூட உன்னால் முடியவில்லை."

அவர் சொன்னதில் கோபம் இல்லை. எழுந்து ஊற்றுக்குப் போனார். இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி, அப்பத்துக்குச் சொல்வது போலவே அதற்கும் நீளமாக நன்றி சொன்னார். குடித்தார். திரும்பி வரும்போது ஒரு தடவை பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

மல்கியா அப்பத்தை வாய்வரை கொண்டுபோனான். வாய் திறக்கவில்லை. காகம் தொட்டபோது இறங்காதது, காகம் தொடாதபோதும் இறங்கவில்லை.

அப்பத்தைத் துணிமேல் வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஐயா, நாட்டில் இத்தனை ஆசாரியர்கள் இருக்கும்போது, உங்களுக்குச் சோறு போட ஆண்டவர் ஏன் ஒரு காகத்தை அனுப்பினார்?"

"இன்றைக்கு ஆசாரியரைத்தான் அனுப்பினார், அப்பமும் கொடுத்து," என்றார் செரகியா. "அந்த ஆசாரியர்தான் இன்னும் வந்து சேரவில்லை."

மல்கியா எழுந்து போய் அப்பத்தை அவர் கையில் வைத்தான். அவர் பிட்டுக் கொடுப்பதற்காகக் காத்திருந்தான்.