துடைத்துவிட்டு எடுத்த படம்

"எங்க வீட்ல படம் எடுக்க என்ன இருக்கு டீச்சர்? நாலு சுவரும் ஒரு அடுப்பும்தான்," என்று புலம்பினாள் கோமளவல்லி.

வார இறுதியில் படக் கண்காட்சி. கேமரா வகுப்பில் இன்னும் படம் கொடுக்காதவள் அவள் ஒருத்திதான்.

ஜெசிந்தா அவளைவிட வயதில் சின்னவள். சொல்லித்தருகிறவள் என்பதால் டீச்சர்.

"அந்தச் சுவரையே எடுங்கக்கா. பாத்தா இன்னதுன்னு தெரியக் கூடாது. ஆனா பாக்குறவங்களால கண்ணை எடுக்கவும் முடியக் கூடாது."

"இது என்ன விடுகதையா?"

ஜெசிந்தா டீ டம்ளரை நகர்த்தினாள். மேசையில் ஈர வளையம். போனில் எடுத்துக் காட்டினாள்.

கிரகணம் பிடித்த சூரியன் மாதிரி இருந்தது.

மறுநாள் கோமளவல்லி படங்களோடு வந்தாள். தோசைக்கல். அடுப்பு. அடுப்படிச் சுவர்.

"என்னக்கா, அடுப்பு பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நிக்கிற மாதிரி நிக்குது?"

"தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் எடுத்தேன். நாலு பேர் பாக்குற படமாச்சே!"

"கழுவறதுக்கு முன்னாடி சுவத்துல என்ன இருந்துச்சு?"

"அழுக்குதான். எண்ணெய், மஞ்சள், புகை."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

மூடினாள்.

"கீழ மஞ்சள் தெறிச்சிருக்கும். அதுக்கு மேல புகை. மேல போகப் போக மெலிஞ்சு, கொக்கு எழும்புற மாதிரி…"

கண்ணைத் திறந்தாள். "அடப் பாவமே. அதையா தேய்ச்சேன்?"

"போகட்டும். கழுவாத சுவர் வேற இல்லையா?"

கோமளவல்லி முந்தானையைத் திருகினாள்.

"கூடத்துல ஒண்ணு இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் தலை நிறைய எண்ணெய் வச்சுக்கிட்டு அங்கதான் சாய்ஞ்சு உக்காருவார். தலை பட்ட இடம் நடுவுல கறுப்பு, ஓரத்துல தேன் நிறம். வெயில் விழுந்தா மினுங்கும். கட்டிக்கிட்ட நாள்ல இருந்து அதுக்காகவே அவரைத் திட்டினேன்."

"அதை எடுங்களேன்."

"அவர் போன பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தபந்தம் வருதேன்னு, நானே வெள்ளையடிச்சுட்டேன் டீச்சர். கறை தெரியாம இருக்கணும்னு திரும்பத் திரும்ப அடிச்சேன்."

ஜெசிந்தா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்த இடம்னு இப்பவும் தெரியுமா?"

"கண்ணைக் கட்டி விட்டாலும் போய் நிப்பேன்."

"எடுத்துட்டு வாங்க."

"அங்க ஒண்ணுமே இல்லையே."

"தெரியும்க்கா."

கண்காட்சியில் ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பிரிண்ட் சரியா விழலையாம்மா?"

"சரியாத்தான் விழுந்திருக்குங்க," என்றாள் கோமளவல்லி. "அது நான் அடிச்ச வெள்ளை."