சன்னலோரத்துப் புட்டி

மின்வாரியத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சிற்றம்பலம், ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தார். குரு உமையாள் அம்மா அவரைவிட வயதில் இளையவர். அதைக்கூட அவர் மனம் ஏற்றுக்கொண்டது. டிரான்ஸ்பார்மருக்குள் சூடு தணிக்கச் சோயா எண்ணெய் ஊற்றலாம் என்று அம்மா சொன்னதைத்தான் ஏற்க மறுத்தது.

ஆசிரமத்து மருத்துவமனையின் டிரான்ஸ்பார்மர் குடிநீர்க் குளத்தின் கரையில் நின்றது. அது ஒழுகி, அதிலிருந்த பெட்ரோலிய எண்ணெய் குளத்தில் கலந்து, ஊரே தண்ணீருக்கு அலைந்தது. புதிதாக வருவதில் எந்த எண்ணெய் என்று சிற்றம்பலம்தான் சொல்லவேண்டும்.

"வடை சுடுற எண்ணெயை நம்பி ஆபரேஷன் தியேட்டரை விடலாமா அம்மா? அது கெட்டுப்போய், பாதி ஆபரேஷன்ல கரண்ட் நின்னா, அந்த உயிருக்கு யார் பதில் சொல்றது?"

"நியாயமான பயம். சோதிச்சுப் பாருங்க ஐயா."

சோயா எண்ணெய்க் கம்பெனி மூடி முத்திரையிட்டு அனுப்பியிருந்த மாதிரிப் புட்டியைக் கொடுத்தார் அம்மா.

சிற்றம்பலம் அதைச் சன்னலோரத்தில் வைத்தார். காலையில் திறந்து முகர்ந்தார். மாலையில் திறந்து விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். சம்பந்தி வீட்டுச் சீரைக்கூட யாரும் அவ்வளவு சந்தேகத்தோடு பார்த்திருக்கமாட்டார்கள். கோடை முழுக்க இதே வேலை. கடைசியில் எண்ணெய் பிசுபிசுத்து, சிக்கு வாடை அடித்தது. அவருக்கு ஒரே சந்தோஷம்.

புட்டியோடு அம்மாவிடம் ஓடினார்.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொன்னேன்!"

அம்மா முகர்ந்து முகம் சுளித்தார். "கெட்டுத்தான் போச்சு. வாரியத்துல டிரான்ஸ்பார்மர் மூடியைத் தினமும் திறந்து பாப்பீங்களா ஐயா?"

"ஐயையோ, அதெப்படி? காத்து பட்டா, ஈரம் ஏறினா, எந்த எண்ணெயும்…"

சிற்றம்பலம் தான் தினமும் திறந்த புட்டியைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது.

அம்மா முத்திரை உடையாத இன்னொரு புட்டியை எடுத்து நீட்டினார். "இதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்க. அவங்க திறக்கட்டும்."

அவர் வாங்கவில்லை. "அப்போ நான் சந்தேகப்பட்டது தப்புங்கிறீங்க."

வெளியே தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. குடங்களோடு பெண்கள் ஓடினார்கள்.

"தாராளமா சந்தேகப்படுங்க ஐயா," என்றார் அம்மா. "சோயா, பெட்ரோலியம், ரெண்டு எண்ணெய் மேலயும் படுங்க."