சுவரில் ஆடிய பச்சைக் கோடுகள்

சுவரில் விழுந்த பச்சைக் கோடுகள் மறுபடியும் ஆடின. தேவசகாயத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

லேசர் பிரிண்டருக்குள் ஒளிக்கதிரை உருளையின் குறுக்கே ஓட்டுவது ஒரு சுழலும் கண்ணாடி. அதற்குப் பதிலாக ஹோலோகிராம் பதித்த தட்டு ஒன்றைச் சுழற்றியே அந்த வேலையை வாங்கிவிடலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. பதிக்கும்போது மயிரிழைகூட வேண்டாம், அதற்கும் கீழே அசைந்தாலே தட்டு குப்பைதான். அசைவைக் காட்டிக்கொடுக்கத்தான் லேசர் ஒளியால் சுவரில் விழும் அந்தக் கோடுகள்.

தட்டுகள் ஒவ்வொன்றாகப் பாழாகிவிட்டன. மிச்சமிருந்த ஒன்று மேசைமேல் மூடிய பெட்டிக்குள், ஒளியை மறைக்கும் ஷட்டருக்குப் பின்னால் இருந்தது. சாயங்காலம் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். காட்ட ஒன்றும் இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்.

பேராசிரியர் மங்கையர்க்கரசி உள்ளே வந்தார். சீடர் தேவசகாயத்தைவிட வயதில் சின்னவர்.

"இதுல என்னதான் குறை மேடம்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"ஏசியை நிறுத்திட்டேன். லிஃப்டை நிறுத்தச் சொல்லிட்டேன். இந்த அஸ்மா நடந்தாலே மேசை அதிருது. கத்தி வெளியே அனுப்பிட்டேன்."

கூட ஆராய்ச்சி செய்யும் அஸ்மா வராந்தாவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பேராசிரியர் வரும்போதே பார்த்திருந்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் யாரு இருக்கா? நான் ஒருத்தன்தான். மூச்சைக்கூடப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறேன்."

மங்கையர்க்கரசி விளக்கை அணைத்தார். ஷட்டரைத் திறக்கும் பொத்தானை அதன் நீள வயரோடு எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"வாங்க."

மனமே இல்லாமல் தேவசகாயமும் போனார். கதவைச் சாத்தினார்கள். அதிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே மூன்று பேரும் பார்த்தார்கள்.

கோடுகள் நெளிந்துகொண்டே இருந்தன. தேவசகாயம் நகத்தைக் கடித்தார். நெளிவு மெல்லக் குறைந்தது. பிறகு கோடுகள் எழுதிவைத்த மாதிரி நின்றுவிட்டன.

"நின்னுடுச்சு மேடம்!"

சந்தோஷத்தில் அவர் கை கதவின் பிடிக்குப் போனது.

"எங்கே போறீங்க?"

"பக்கத்துல நின்னு ஒருதரம் பார்த்துட்டு..."

கதவு லேசாக அசைந்தது. உள்ளே கோடுகள் துள்ளின. அவர் சட்டென்று கையை எடுத்தார். அவமானத்தில் காது சுட்டது.

"அப்போ நான் அசையாம பக்கத்துல நின்னாலும் என் உடம்புச் சூடே காத்தைக் கலைக்குதா மேடம்?"

ஆமாம் என்று பேராசிரியர் தலையசைத்தார்.

"ஆனா இது என் தட்டு. பதியறப்போ நான் எங்கேதான் இருக்கிறது?"

மங்கையர்க்கரசி பொத்தானை அவர் கையில் வைத்தார்.

"இங்கேதான். அஸ்மா பக்கத்துல."