மேற்கோளில் வந்த பேர்

உலகத்தில் எத்தனை பேர் தன்னை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று எண்ணுவதே பேராசிரியர் வைகுந்தநாதனுக்கு வேலை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் யார் கட்டுரை எழுதினாலும் அதில் மேற்கோளாக அவர் பேர் வர வேண்டும். வராவிட்டால் கையெழுத்து கிடையாது. குறைக்கடத்திப் படிகத்தை வேறு வழியில் வளர்த்துக் காட்டிய மாணவி இசக்கியம்மாளுக்கும் அதே சட்டம்தான்.

"தாராளமா வரும் சார்," என்றாள்.

அவள் எழுதி வந்த கட்டுரையில் தன் பேர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கருத்தரங்க மேடையில் மீசையை நீவிக்கொண்டு, "ஏம்மா இசக்கி, என்னைப் பத்தி எழுதினதை வாசி!" என்றார்.

அவள் கணீரென்று வாசித்தாள்: "வைகுந்தநாதன் முறையில் வளர்த்த படிகங்கள் அத்தனையும் விரிசல் விட்டன. அந்த முறையைக் கைவிட்ட பிறகே வெற்றி கிடைத்தது."

அரங்கமே சிரித்தது.

"முதல்ல என் பேரை எடு!" என்று சீறினார்.

"எடுத்துரலாம் சார். உங்க எண்ணிக்கையில ஒண்ணு குறையுமே, பரவாயில்லையா?"