செட்டுக்கு ஒரே சேலை

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. என்னோடு படித்த எபினேசர் சொன்னான். அவனுக்கு, திருவிழாக்களில் மைக் செட் கட்டும் அவன் சித்தப்பா சொன்னாராம். அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இதில் ஏதாவது கூடியோ குறைந்தோ இருந்தால் அது வழியில் நேர்ந்ததுதான்.

அந்தக் காலத்தில் சொற்களுக்கு வாய் இருந்தது, கை கால் இருந்தது, பசியும் இருந்தது. இங்கிலீஷ் சொற்கள் கப்பலேறி வந்து நம் கரையில் இறங்கிய புதிது. விடிந்ததும் அவை துறைமுகத்துக்கு எதிரே உள்ள முச்சந்தியில் கூலி ஆட்களைப் போல வரிசை கட்டி நிற்கும். ஊர்க்காரர்கள் வந்து, தங்களுக்கு வேண்டிய சொல்லைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துப் போவார்கள்.

அந்த வரிசையை மேய்த்தவர் கிராமர் மேஸ்திரி. ஒரு சொல்லுக்கு ஒரு வேலைதான் என்பது அவர் கட்டளை. ஒவ்வொரு சொல்லிடமும் மூன்று உடுப்பு இருந்தாக வேண்டும் என்பது இன்னொரு கட்டளை. இன்றைய வேலைக்கு ஒன்று, நேற்றைய வேலைக்கு ஒன்று, முடிந்தே போன வேலைக்கு ஒன்று.

யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவதுதான் சொல்லுக்குச் சோறு. நெடுநாள் கூப்பிடப்படாத சொல்லுக்கு முதலில் குரல் மங்கும். பிறகு எழுத்துகள் உதிரும். கடைசியில் கடற்கரையில் வெறும் சங்காகக் கிடக்கும். எடுத்துக் காதில் வைத்தால் ஏதோ சொல்ல வருவதுபோல இரையும், அவ்வளவுதான்.

வரிசையின் கடைசியில் செட் நின்றாள். சாமானை எடுத்து வைப்பது அவள் வேலை. பிளேஸ் என்பவனுக்கும் அதே வேலை. அவன் ஆள் உயரம், குரலும் எடுப்பு. எல்லோரும் அவனையே கூப்பிட்டார்கள். சாமான் எடுத்து வைக்க இரண்டு ஆள் எதற்கு?

செட்டின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. தன் பேரைத் தானே சொல்லிப் பார்த்தாலும் முன்பாதி காற்றாகப் போய், பின்பாதி மட்டும் குழாய்ச் சொட்டுபோல விழுந்தது.

"என்ன செட்டக்கா, சொட்டக்கா ஆயிட்டியாமே?" என்றான் கோ. போவது அவன் வேலை. மினுக்கிக்கொள்வது அவன் பொழுதுபோக்கு. நேற்றைய உடுப்பைப் போட்டு 'வென்ட்' என்று வந்து நின்றால் பெற்றவளுக்கே அவனை அடையாளம் தெரியாது. "இன்னும் கொஞ்ச நாள்ல உன்னைப் பொறுக்கி ஊதப்போறாங்க."

"சங்கா கிடந்தாலும் உன் உள்ளங்காலைக் குத்திக்கிட்டுத்தான்டா கிடப்பேன்" என்றாள் செட். "போ. போறதுதானே உனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை?"

வரிசை சிரித்தது. ஆனால் அவள் சொன்னதில் பாதிதான் அவர்களுக்குக் கேட்டது.

முச்சந்திக்கு எதிரே சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி எழும்பிக்கொண்டிருந்தது. அன்று காலை சாரத்துக் கயிறு அறுந்து, கலவைச் சட்டியோடு ஏறிக்கொண்டிருந்த சித்தாள் சின்னக்கிளி கீழே விழுந்தாள். முழங்கைக்குக் கீழே கை ஒடிந்து, வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது.

"யாராச்சும் வாங்கய்யா!" என்று கொத்தனார் பரஞ்சோதி வரிசையைப் பார்த்துக் கத்தினார்.

லிஃப்ட் ஓடிவந்து அவளைத் தூக்கி நிழலில் விட்டது. அதன் வேலை அதோடு முடிந்தது. பிளேஸ் அவள் தலைக்கு ஒரு சாக்கை மடித்து வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். ஒடிப்பதே வேலையான பிரேக் வேறு பக்கம் திரும்பி நின்றது. அது செய்ய வேண்டியதை ஏற்கெனவே செய்துவிட்டிருந்தது.

செட் வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"ஏய்! எங்கே போறே?" மேஸ்திரி குறுக்கே வந்தார். "சாமான் எடுத்து வைக்கிறவ நீ. மனுஷி எலும்பு சாமானா?"

"அந்த எலும்பு இருக்கவேண்டிய இடம் ஒண்ணு இருக்கு மேஸ்திரி. அங்கே எடுத்து வைக்கப்போறேன். இதுவும் என் வேலைதான்."

"அப்படி எவனும் உனக்குச் சொல்லலியே?"

"நான் சொல்லிக்கிறேன்."

சின்னக்கிளியின் கையைப் பிடித்து, அவள் அலறியதைக் காதில் வாங்காமல், மெதுவாக இழுத்து நேராக்கினாள். இரண்டு மூங்கில் பிளாச்சுகளை வைத்தாள். கட்டத் துணி இல்லை. தன் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே நேற்றைய சேலையும் முடிந்துபோனதற்கான சேலையும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"கிழிச்சிடாதே!" என்று மேஸ்திரி பதறினார். "நாளைக்கு ஒருத்தர் நேத்து நடந்ததுக்குக் கூப்பிட்டா எதைக் கட்டிக்கிட்டுப் போவே?"

"இன்னைக்கு நான் இருந்தாத்தானே எனக்கு நேத்துன்னு ஒண்ணு வரும்?"

கர்ரென்று இரண்டையும் கிழித்தாள். பட்டை பட்டையாகச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

மேஸ்திரி சிதறிய நூல்களைக் குனிந்து எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஒழுங்கு குலைவதைத்தான் அவரால் தாங்க முடியாது. "ஒத்தைச் சேலையோட வரிசையில நிக்க முடியாதும்மா" என்றார் கடைசியில்.

செட் சின்னக்கிளியின் குடிசைக்குப் போனாள். கட்டு நெகிழாமல் பார்த்துக்கொண்டாள், சோறு பிசைந்து ஊட்டினாள், தலை பின்னிவிட்டாள். குரல் முழுவதும் அடைத்துப்போனது.

"ஏன்க்கா வாயைத் திறக்கவே மாட்டேங்கிறே?" என்று சின்னக்கிளி கேட்டாள். "என் கையி ஒண்ணு சேராதுன்னு சொல்லப் பயப்படுறியா?"

செட் இல்லையென்று தலையாட்டினாள். கன்னத்தைத் தடவியபோது விரலில் சங்கின் சொரசொரப்பு தட்டியது.

ஒருநாள் கோ வாசலில் வந்து நின்றான். இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை. "மேஸ்திரிதான் அனுப்பினாரு. அந்தக் கட்டை அவிழ்த்துத் துணியைத் தைச்சு எடுத்துக்கிட்டு வந்தா வரிசையில சேர்த்துக்கிறாராம். உன்னைப் பார்த்தா இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கே. அந்தப் பொண்ணுக்கு இன்னொரு கை இருக்குல்ல?"

செட்டுக்குப் பதில் சொல்ல எழுத்து மிச்சமில்லை. எழுந்து போய், சின்னக்கிளியின் கைக்கட்டில் லேசாகப் பிரிந்திருந்த முனையை உள்ளே செருகி இறுக்கி முடிச்சுப் போட்டாள். கோவுக்கு அதுவே போதுமாக இருந்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான்.

கட்டுப் பிரிக்கும் நாள் வந்தது. கிட்டங்கி வாசலிலேயே பிரித்தார்கள். சின்னக்கிளி விரலை மடக்கினாள், நீட்டினாள். குனிந்து, கலவைச் சட்டியை அந்தக் கையாலேயே தூக்கித் தலையில் வைத்தாள்.

"கை என்னாச்சு புள்ள?" என்று சாரத்தின் மேலிருந்து பரஞ்சோதி கேட்டார்.

சின்னக்கிளி பதில் சொல்ல வாயெடுத்தாள். சுவரோரம் சாய்ந்து, நிறம் வெளிறி உட்கார்ந்திருந்த செட்டைப் பார்த்தாள். பிறகு முச்சந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "செட் ஆயிடுச்சுண்ணே! செட் ஆயிடுச்சு!"

தண்ணீர் பட்ட வாடிய செடிபோல செட்டின் உடம்பு சிலிர்த்து நிமிர்ந்தது. "செட்" என்றாள் அவள். முழுதாக வந்தது.

மேலே பரஞ்சோதி பூசிய சுவரை விரலால் அழுத்திப் பார்த்தார். குழியவில்லை. "அட, இதுவும் செட் ஆயிடுச்சே" என்றார். அவ்வளவுதான். வளையல்காரி கூப்பிட்டாள். கிணற்றில் இன்ஜின் இறக்குகிறவர்கள் கூப்பிட்டார்கள். நாடகக்காரர்கள் அட்டை அரண்மனை நிறுத்தக் கூப்பிட்டார்கள். பல் போன பெரியவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். எல்லோரிடமும் செட் ஒன்றுதான் கேட்டாள்: "எது எங்கே சேரணும், அதைச் சொல்லுங்க."

கோவும் தலையை வாரிக்கொண்டு வந்தான். "நாம ரெண்டு பேரும் ஒண்ணா குடித்தனம் வச்சா என்ன?"

"நமக்கு செட் ஆகாது தம்பி" என்றாள் அவள். அப்படிச் சொன்னால் யார் மனமும் அதிகம் புண்படாது என்று அன்றைக்கு ஊர் கண்டுகொண்டது.

மேஸ்திரி இரண்டு புதுச் சேலைகளோடு வந்தார். "வரிசைக்கு வந்துடும்மா. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"வேலைக்கு வர்றேன் மேஸ்திரி. சேலை வேண்டாம். மாத்திக் கட்டுற நேரத்துல இன்னொரு வேலையை முடிச்சிருவேன்."

மேஸ்திரி சேலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். தன் கட்டளையில் அவளுக்கு ஓர் இடம் விட்டுக்கொடுத்தார்.

அன்று முதல்தான் செட் எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் போகிறது. இன்றைக்கும் நேற்றைக்கும் முடிந்துபோனதற்கும் ஒரே சேலையில் போகிறது.

கதையைக் கேட்ட பிறகு நூலகத்தில் இலக்கணப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வினைச்சொற்களின் மூன்று கட்டங்களிலும் செட், செட், செட் என்றே இருந்தது. கட், ஹிட், புட் ஆகியவையும் அப்படியேதான் இருந்தன. அவை தங்கள் துணிகளை யாருக்காகக் கிழித்தன என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.