கஸ்பாரின் இடது கால்

கப்பலெல்லாம் பாயை நம்பி ஓடின காலத்துக் கதை இது, கேளுங்கள். கிழக்குக் கடலோரத்து ஊர் ஒன்றில் கஸ்பார் என்றொரு தோணிக்காரர் இருந்தார். தோணி மூன்று, வீடு மூன்று கட்டு, பக்தியோ மூன்று ஊருக்குப் போதும். அப்படித்தான் அவரே சொல்வார்.

அந்த ஊருக்குச் சாமியார் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பெரிய வியாழனன்று வந்து, ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறு பூசை முடிந்ததும் தோணியேறிவிடுவார். புண்ணுக்கு மருந்து கட்டுவதில் கைராசிக்காரர்.

வியாழனன்று, இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்து, பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவுவார். அந்தப் பன்னிரண்டு பேர் என்ன செய்வார்கள் தெரியுமா? சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாதென்று, விடியும்போதே தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள்!

அந்த வருஷம் முதல் இடம் கஸ்பாருக்கு. ஆனால் இடது பாதத்தில் ஒரு புண். வழியில் கூடை வைத்ததற்காக ஒரு விதவையின் மீன்கூடையை எட்டி உதைத்தார். கெளுத்தி முள் ஏறிவிட்டது. இதை வெளியே சொல்ல முடியுமா? மஞ்சளை அப்பி, வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

சாமியார் வலது காலைக் கழுவினார். "இடது கால்?"

"அதுவும் சுத்தம்தான் சாமி. உமக்கு எதுக்கு வீண் சிரமம்?"

கடைசியில் இருந்த உப்பளத்து வியாகப்பன் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்தவன். வெடித்த காலில் சேறு. கூசிக் கூசி நீட்டினான். அந்தக் காலுக்குத்தான் சாமியார் நேரமெடுத்து எண்ணெயும் தடவினார்.

வெள்ளிக்கிழமை கஸ்பார் நொண்டினார். "ஆண்டவர் பாடுகளை நினைச்சு நொண்டுறார், பாரு!" என்றது ஊர். அவரும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை காய்ச்சல். "ஒருசந்தி நோன்பு இருந்தே உடம்பை வாட்டிக்கிட்டார்," என்றது ஊர். அதையும் மறுக்கவில்லை.

ஞாயிறு காலையில் முழங்கால் வரை வீங்கிக் கறுத்தது. மனைவி மோனிக்காள் துணியை விலக்கிப் பார்த்தாள்.

"ஏ மனுசா, சாமியார் தோணியேறப் போறார். சொல்லும்!"

"ஊர் என்ன நினைக்கும்?"

"ஒத்தைக் காலோட நல்லடக்கம் பண்ணினா ரொம்ப நல்லா நினைக்கும்! உம்ம பேரை வச்சு நானென்ன கஞ்சியா காய்ச்ச?"

கட்டிலோடு தூக்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். தோணியில் கால் வைத்த சாமியார் இறங்கி வந்தார். துணியை அவிழ்த்ததும் நாற்றம் தாங்காமல் ஊரே மூக்கைப் பொத்தியது.

"எப்படி வந்தது?"

கஸ்பார் சுற்றிப் பார்த்தார். அந்த விதவையும் கூட்டத்தில் நின்றாள்.

"இவ கூடையை உதைச்சேன், சாமி. வியாழக்கிழமை உம்மகிட்ட பொய் சொன்னேன். நேத்து வரைக்கும் எனக்குப் புண்ணியம் நிறைய இருந்தது. இப்போ இந்தப் புண்ணுதான் இருக்கு. ஆண்டவர் இரங்கட்டும்."

சாமியார் மணலில் முழந்தாளிட்டார். "நல்ல காலை நீட்டினீர், கழுவி என்ன பிரயோசனம்? நான் தண்ணி கொண்டுவந்ததே இந்தக் காலுக்குத்தானே!"

முள்ளை எடுத்தார், சீழை வடித்தார், கழுவினார், பச்சிலை வைத்துக் கட்டினார். தோணி அன்று போகவில்லை. மூன்று நாள் காத்துக்கிடந்தது. இரண்டு விரல் போயிற்று. கால் பிழைத்தது. கஞ்சியும் கையுமாக முதலில் பார்க்க வந்தவள் அந்த விதவைதான். அதைக் குடிப்பதுதான் கஸ்பாருக்கு முள் எடுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது; ஆனாலும் குடித்தார்.

ஆகையால் மக்களே, தன்னைத் தானே சுத்தமாக்கிக்கொண்டதாக நினைத்து வருகிறவன் வந்தபடியே திரும்புவான், தன்னால் ஆகாது என்று புண்ணைத் திறந்து காட்டுகிறவனே தேவனுடைய கிருபையால் பிழைப்பான்.